கொலைக்கணக்கில் வராதவர்கள்

ஒரு சுத்தியல்காரனுக்கு
அறுபது உணவு, இருபது பொன், பதினோரு விநாடி.
முதலில் கோட்டை வேண்டும். கோட்டைக்குக் கல் வேண்டும்.
கல் வெட்டப் போன ஆறு பேரில்
இருவரை ஓநாய் தின்றுவிட்டது.
இப்படித்தான் ஆரம்பிக்கிறது என் வெள்ளிக்கிழமை.

வெளியே பித்கோஷ்ச் முழுக்கப் பனி.
கடைசி டிராமும் போய்விட்டது.
ஹெட்போனில் ராதோமிர் சிப்ஸ் கடிக்கும் சத்தம்.
பிர்தா ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்றாம் மாடியில்
என்னைத் தோற்கடிக்கக் குதிரை வளர்க்கிறான்.

அவனுக்கு எப்போதும் குதிரைதான்.
தலைமுதல் குளம்புவரை இரும்பு போர்த்தி
வரிசையாக, திரையின் வெயிலில் பளபளவென்று,
மெழுகு போட்ட கார்கள் மாதிரி.
ஒவ்வொன்றின் கீழும் சின்னதாய் ஓர் எண்:
கவசம் ஐந்து.
என் ஈட்டிக்காரர்களின் குத்து நான்கு.
நான்கால் ஐந்தைக் குத்தினால்
குதிரைக்குக் கூச்சம்தான் வரும்.

சுத்தியல்காரன் குட்டை. நடையும் மந்தம்.
தனியே அனுப்பினால் செத்துப்போவான்.
வில்லாளி கண்ணில் பட்டால் அதற்கு முன்பே.
முன்வரிசையில் வைத்தாலும் தப்பு,
பின்னால் வைத்தால் கை எட்டாது.
இரண்டு ஈட்டிக்கு நடுவே ஒருவன்,
பல்லிடுக்கில் சிக்கிய கசகசா.

அவன் அடி கொல்லாது.
ஓர் அடிக்கு ஓர் எண் உதிரும்.
ஐந்து நான்காகும். நான்கு மூன்று.
தோள்தகடு கழன்று புல்லில் விழுவதை
இந்த விளையாட்டு காட்டுவதில்லை;
நானாகப் பார்த்துக்கொள்கிறேன்.
சைபர் வந்ததும் மவுஸால் இழுத்து
அடுத்த குதிரைக்கு அனுப்பிவிட வேண்டும்.
விட்டால் முடிந்த வேலையையே
தட்டிக்கொண்டு நிற்பான், பாவம்.

எனக்குத் தெரிந்த வேலை இது.
பான் ஸ்குபிஷின் பட்டறையில் ஒன்பது வருடம்.
நசுங்கிய கார் முதலில் என்னிடம்தான் வரும்.
பழைய பெயின்ட், துரு, பட்டி, மறுபடி துரு.
எண்பதாம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி
நானூறுக்கு வரும்போது விரலில் ரேகை மிச்சமிருக்காது;
என் போனுக்கே என்னை அடையாளம் தெரிவதில்லை.
அப்புறம் ராதோமிர் வருவான், முகமூடி மாட்டிக்கொண்டு.
மூன்று கோட் ஸ்பிரே.
வண்டிக்காரர்கள் கதவைத் தடவிப் பார்த்து
அவன் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள்.
ஒருத்தி வோட்காகூடக் கொடுத்தாள், செர்ரி ஊறியது.
எனக்கும் ஒரு வாய் தந்தான், பொய் சொல்லக்கூடாது.

முப்பத்தெட்டாவது நிமிடம். ஆற்றுத்துறையில் வந்தான்,
இருபத்திரண்டு குதிரை.
என்னிடம் ஈட்டி முப்பது, சுத்தியல் ஏழு.
ணங். ணங். ணங்.
ஏழு கைகள் இருபத்திரண்டு பேரின் சட்டையைக் கழற்றின.
தேநீர் ஆறிப்போனது.
ஹெட்போனில் சிப்ஸ் சத்தம் நின்றது.
"ஏய் போகுஷா, என்ன பண்றே?"
பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

முடிந்ததும் ஒரு பட்டியல் வரும்,
யார் எத்தனை பேரைக் கொன்றார்கள் என்று.
ஈட்டிக்காரர்கள்: இருபத்தொன்று.
சுத்தியல்காரர்கள்: ஒன்று.
அந்த ஒன்றும் கைதவறி நடந்திருக்கும்.
உரித்த கவசத்துக்கு அதில் கட்டமே கிடையாது.

"உன் ஈட்டி பிரமாதம்" என்றான் ராதோமிர்.
திங்கட்கிழமை பட்டறையிலும் சொன்னான், எல்லார் முன்னாலும்.
நான் ஓர் ஓப்பலின் பம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
வாய் முழுக்கத் தூசி. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவன் சரண் அழுத்துவதற்கு முந்தைய நிமிடத்தை
அவனிடம் சொல்லவில்லை.
சுத்தியல்காரன் ஒருவன் பிழைத்திருந்தான்.
உயிர் மூன்று. சுற்றிலும் குதிரைப் பிணங்கள்.
அடிக்க ஒன்றுமில்லாமல் நின்றான்.
அவனை நடத்திக் கூட்டிப்போனேன்,
ராதோமிரின் காலி லாயம்வரை.
சுவருக்கும் கவசம் உண்டு, எட்டு.
தட்டினான்.
ஏழு.